மாரியக்கா என்கிற யூசர்

போன வாரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒரு வேலைக்கான இன்டர்வியூவில் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசல் கதவைத் தட்டினார்கள். தட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடித்தார்கள்!

அதற்கு முன்னால் கொஞ்சம் கதை இருக்கிறது.

இராஜபாளையத்தில் இருந்தபடியே சென்னை கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை பீற்றியிருக்கிறேன். கொஞ்ச நாளாக அந்தப் பீற்றல் குறைந்துவிட்டது. டீம் மீட்டிங்கில் தெரியும் முகங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. அடுத்தது நானா? போன் அதிர்ந்தாலே ஆபீஸ் மெயிலோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டியவளுக்கு யார் புது வேலை தருவார்கள்?

“நீங்களா ஏதாச்சும் செஞ்சு காட்டுங்கக்கா. இப்ப எல்லாரும் சைடு புராஜெக்ட் என்னன்னுதான் கேக்காங்க” என்றாள், எனக்கு முன்னால் வேலை போன தோழி.

செய்தேன். ரொம்பச் சின்ன விஷயம்தான். எங்கள் தெருவில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருமுனைக் குழாயில் ஒரு சென்சார் மாட்டினேன். தண்ணீர் வந்ததும் தெரு முழுக்க எல்லார் போனுக்கும் ‘தண்ணி வந்தாச்சு’ என்று மெசேஜ் போகும். எதிர்வீட்டு மாரியக்காவுக்கு பேண்டேஜ் மில்லில் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறவர், அந்த மெசேஜ் சத்தத்தில்தான் எழுந்து வந்து குடம் வைப்பார்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேனா? இன்டர்வியூவில் பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டுமே என்று, முந்தின நாள் உட்கார்ந்து புரோகிராமையே மாற்றி எழுதினேன்...

“இதை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா?” — திரையில் இருந்தவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு இடிபட்டது. வெளியே மாரியக்கா.

“ஏட்டி! ஒம் மெசேஜ நம்பித்தான படுத்தேன்? மெசேஜே வரல, தண்ணி வந்து நின்னும் போச்சு! ஒரு கொடம் பிடிக்கலையே... இனி என்னைக்கு வருமோ!”

மைக் ஆனில் இருந்தது. போச்சு, இந்த வேலையும் போச்சு!

திரையில் இருந்தவரோ சிரித்துவிட்டார். “பயன்படுத்துறாங்கன்னு தெரியுது மேடம்” என்றார். தமிழில்! “என்ன ஆச்சு?”

சமாளிக்கத்தான் நினைத்தேன். வாயில் உண்மை வந்துவிட்டது. “நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு சார். உங்களுக்குக் காட்டணும்னு மாத்துனேன்...”

அவர் தலையாட்டிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார்? அந்த யோசனையிலேயே ஒரு வாரம் தூக்கம் போய்விட்டது.

இன்டர்வியூ முடிந்ததும் முதல் வேலையாக மாரியக்காவுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தேன். பிறகு பழைய புரோகிராமையே திரும்பப் போட்டேன். சைடு புராஜெக்ட் என்றால் நாமாக ஆரம்பிப்பது, இஷ்டம்போல விளையாடலாம் என்று நினைத்திருந்தேன். ஒருத்தர் அதை நம்பித் தூங்கப் போய்விட்டால் அப்புறம் என்ன சைடு, என்ன மெயின்? திட்டுவதற்கு ஆள் இருக்கிறது என்றால் அது வேலைதான்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. நேற்று மதியம் போன் அதிர்ந்தது. எடுப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரே சத்தம்.

“ஏட்டி, வந்திருச்சு!”

ஆமாம், வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.