இடது பக்கம் அண்ணைக்கு, வலது பக்கம் எனக்கு

கடைசி யுத்தத்தில் வன்னியில் வைத்து என் அண்ணைக்கு வலது கை மணிக்கட்டோடு போனது. முகாமிலிருந்து விடுபட்டுக் கொக்குவிலில் அம்மாவின் வீட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது, எனக்குப் பன்னிரண்டு. இடது கையால் எழுதப் பழகிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை எடுத்தார். வீட்டில் மட்டும் யாருடனும் அதிகம் கதைக்க மாட்டார்.

கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் திரும்பிப் போகும்போது தன் பழைய கேம் பெட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அதோடு ஒரேயொரு இறுவட்டு. ஏதோவொரு ஜப்பான் கார்ட்டூனிலிருந்து செய்த விளையாட்டு. பனையைவிட உயரமான ரோபோ, அதன் நெஞ்சுக்குள் ஒருவர் இருந்து ஓட்டுவார். திரையில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. எதை அமத்தினால் எது வரும் என்று நாங்களே கண்டுபிடித்துப் பெயரும் வைத்தோம். தோளிலிருந்து பறக்கும் குண்டுகளுக்கு மத்தாப்பு. நீண்டு சுழலும் வாளுக்குச் சவுக்கு.

கொன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அண்ணை அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தன் வலது பக்கம் வந்து இருக்கச் சொன்னார்.

"இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் உனக்கு. நான் நடப்பன், நீ அடி."

அப்படித்தான் ஐந்து வருடம் விளையாடினோம். தோளோடு தோள் முட்டியபடி ஒரு ரோபோவை இரண்டு பேர் ஓட்டினோம். அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது அவர் மூச்சு விடுவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை அந்த நேரங்களில்தான் கேட்டிருக்கிறேன்.

கடைசிக் கட்டத்தை மட்டும் எங்களால் தாண்ட முடியவில்லை. எனக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. அன்று பின்னேரம் இரசாயனவியல் மண்டைக்குள் ஏறாத எரிச்சலோடு வந்து இருந்தேன். பட்டனைப் பிந்தி அமத்தினேன். ரோபோ விழுந்தது. திரும்பவும் பிந்தினேன்.

"எங்கை பாத்துக்கொண்டிருக்கிறாய்? கெதியா அடிக்கேலாதோ?" என்றார்.

"கெதியா வேணுமெண்டால் நீயே ரெண்டு கையாலையும் விளையாடு!"

அதுவரை அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. எழும்பி ரி.வி.யை நிறுத்தினார்.

"சரி, போய்ப் படி."

பிறகு எத்தனையோ நாள் நானாகக் கொன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "எனக்கு இப்ப உதிலை விருப்பமில்லை" என்பார். ஒரு சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு தனியே போட்டுப் பார்த்தேன். என் வலது கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இடது பெருவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரோபோ சுவரில் போய் முட்டி, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கேட்கவில்லை. பரீட்சை முடிந்து, கண்டியில் கம்பஸுக்குப் படிக்கப் போய்விட்டேன்.

முதல் விடுமுறைக்குச் சொல்லாமல் வந்தேன். வாசலிலேயே ரோபோ நடக்கும் சத்தம் கேட்டது. அண்ணை நிலத்தில் இருந்தார். கொன்ட்ரோலரைப் பழந்துணியால் ஒரு பலகையோடு இறுக்கிக் கட்டியிருந்தார். இடது கை ஒரு பக்கம். மற்றப் பக்கத்துப் பட்டன்களை வலது கால் பெருவிரலால் அமத்திக்கொண்டிருந்தார். விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் காலை இழுத்துச் சாரத்துக்குள் மறைத்தார்.

"வந்திட்டியோ? சாப்பிட்டியோ?"

நான் ஓம் என்றேன். குசினிக்குப் போய் அம்மாவுக்குத் தெரியாமல் அழுதேன்.

அண்ணைக்குச் சண்டிலிப்பாயில் கலியாணம் பேசி முற்றாகியது; இனி அவர் பெண் வீட்டில்தான் இருப்பார். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். சேட் ஒன்றை நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் அமத்திப் பிடித்து ஒரு கையால் மடிப்பார். நான் கதவோரம் நின்றேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது..."

"எது?"

"ரெண்டு கையாலையும்..."

"ஓ, அதுவோ? நீ சொன்னதாலைதானே நான் காலாலை பழகினன். கடைசிக் கட்டமும் தாண்டியிட்டன்." சிரித்தார்.

அவர் நன்றி சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"கடைசியிலை என்ன வரும், அண்ணை?"

"பெரிசா ஒண்டுமில்லை. எல்லாரும் ரோபோவிலையிருந்து இறங்கி வீட்டை போவினம். பிறகு எழுத்து ஓடும்."

அடுத்த சேட்டை எடுத்தார். நான் உதவிக்குக் கை நீட்டினேன். "இல்லை, எனக்கு ஒரு கை காணும்" என்றார்.