எதிர்க்கட்சிப் பெட்டியில் ஒரு பெயர்

போன சனிக்கிழமை என் தம்பி அலெக்ஸ் போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு சர்ச்ல பூசை முடிஞ்சதும் ஃப்ரீயா? மஞ்சு வீட்டுக்குப் போகணும். நீயும் கூட வா."

எனக்கு நம்ப முடியவில்லை. மஞ்சுநாத், அலெக்ஸின் காலேஜ் சிநேகிதன். பெங்களூர் தொம்மலூர்க்காரன். வீட்டில் கன்னடம், எங்களிடம் கன்னடம் கலந்த தமிழ். ஒரு காலத்தில் வாராவாரம் ஒருவர் வீட்டில் இன்னொருவர் கிடப்பார். இருவரும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

"நான் எதுக்குடா?"

"தனியா போக ஒரு மாதிரியா இருக்குக்கா."

நாற்பதை நெருங்குகிற ஆள். கார் ஷோரூமில் பெரிய டீமையே மேய்க்கிற சேல்ஸ் மேனேஜர். சிநேகிதன் வீட்டு காலிங் பெல்லை அழுத்த அக்கா துணைக்கு வேண்டுமாம்!

அவர்களுக்குள் என்ன சண்டை என்று கேட்டால் சிரிப்பீர்கள்... ஒரு வீடியோ கேம்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். ஏனென்றால், அந்த கேமில் மாட்டிக்கொண்டது சிநேகிதம் மட்டும் இல்லை.

எனக்கு கேம் விளையாடத் தெரியாது. ஆனால் தம்பி உபயத்தில் அந்த உலகத்து அரசியல் தெரியும். டிவியோடு இணைத்து ஆடுகிற பெட்டியை கன்சோல் என்பார்கள். அதை விற்பதில் போட்டிக் கம்பெனிகள் உண்டு. அலெக்ஸ் நீலக் கட்சி, மஞ்சு பச்சைக் கட்சி — இவர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். ஒவ்வொரு கம்பெனியும் சில கேம்களைத் தன் பெட்டிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளும். அதற்கு எக்ஸ்க்ளூசிவ் என்று பெயர். அந்தப் படம் இந்தத் தியேட்டரில் மட்டும்தான் ஓடும், வேண்டுமென்றால் இங்கே வா — அந்தக் கணக்குதான். கேமுக்காகவே பெட்டி வாங்குவார்கள் ஜனங்கள்.

அலெக்ஸ் அப்படி ஒரு கேமுக்காகத்தான் நீலப் பெட்டி வாங்கினான். பனிமலையில் காணாமல் போன தங்கையைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. அப்போது அவனுக்குக் கல்யாணமான புதுசு. மனைவி ரெஜினா பேங்க்குகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். ஃப்ரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் சின்ன வாடகை வீடு. ஊர் சுற்றக் காசு கிடையாது. சாயங்காலம் ஆனால் இருவரும் பாயில் உட்கார்ந்து அந்த கேமை ஆடுவார்கள். கன்ட்ரோலர் அவன் கையில். வழி சொல்வது அவள். "லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல... ஐயோ, விழுந்துட்டியா!" என்று அவள் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

அந்த ஆட்டம் ரெஜினாவை என்ன செய்ததோ தெரியாது. ஒரு நாள் பேங்க் வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் ஒரு கேம் கம்பெனியில் சேர்ந்தாள். "அந்தப் பனி எப்படி விழுதுன்னு உள்ள போயி பாக்கணும்க்கா" என்றாள் என்னிடம். வேலைக்குப் போகிறவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவளுடைய டீமுக்கு என்ன வேலை தெரியுமா? ஒரு பெட்டிக்காகச் செய்த கேமை இன்னொரு பெட்டியில் ஓட வைப்பது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆர்டர். எந்த கேம், எந்தப் பெட்டி என்று வெளியே மூச்சு விடக்கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நாற்காலியே கொடுப்பார்கள். கேட்டால் "ஏதோ ஒரு ஃபாரின் புராஜெக்ட்" என்பாள். அலெக்ஸும் நோண்ட மாட்டான்.

இந்தச் சமயத்தில் கேம் உலகமும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கேமைச் செய்ய ஆகும் செலவு எங்கேயோ போய்விட்டது. ஒரு பெட்டி வைத்திருப்பவர்களிடம் மட்டும் விற்றால் கட்டுப்படி ஆகவில்லை. அதனால் "எங்களிடம் மட்டும்" என்று மார்தட்டிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறக்க ஆரம்பித்தன. முதலில் கம்ப்யூட்டருக்கு, பிறகு போட்டிக்காரன் பெட்டிக்கே!

தலைவர்கள் கூட்டணி பேசிக்கொண்டிருந்தார்கள். தொண்டன் மட்டும் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலெக்ஸ் வீட்டில் சாப்பாடு. நானும் இருந்தேன், மஞ்சுவும் இருந்தான். வழக்கமான கட்சிச் சண்டை.

"ஒங்க கேமும் ஒரு நாள் எங்க பாக்ஸுக்கு வரும் குரு. நோடு, வந்தே வரும்" என்றான் மஞ்சு. குரு என்றால் மச்சான் மாதிரி, நோடு என்றால் பார்.

"ஜென்மத்துக்கும் வராது. வந்துச்சுன்னா இந்தப் பெட்டியைத் தூக்கி உன்கிட்டயே குடுத்துடறேன். அக்கா, நீதான் சாட்சி."

ரெஜினா குழம்புக் கரண்டியோடு நின்றாள். "சும்மா இரேன் அலெக்ஸ். எதுக்குப் பந்தயம் எல்லாம்? நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது, விடு" என்றான் தம்பி.

கேம் கம்பெனியில் வேலை பார்ப்பவளிடம்! அவள் மஞ்சுவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்த அறிவிப்பு வந்தது. பனிமலை கேம் பச்சைப் பெட்டிக்கு வருகிறது. மஞ்சு மைசூர்பாக்கோடு வந்து சேர்ந்தான். அலெக்ஸ் முதலில் சிரித்துச் சமாளித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து ரெஜினா ஆபீஸிலிருந்து வந்தாள். அவள் கையில் ஒரு கேக் டப்பா.

"அத்திகே, நீங்க கேம் கம்பெனிலதானே இருக்கீங்க... ஒங்களுக்குக் கூடத் தெரியாதா?" என்று மஞ்சு விளையாட்டாகக் கேட்டான். அத்திகே என்றால் அண்ணி.

அவள் அந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவள் போல, "எங்க டீம்தான் பண்ணுச்சு! இன்னிக்குத்தான் வீட்ல சொல்லலாம்னு பர்மிஷன் குடுத்தாங்க" என்றாள். குரலே துள்ளியதாம்.

அலெக்ஸின் முகம் மாறிவிட்டது.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"நான் எல்லார்கிட்டயும் சவால் விட்டுட்டு இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தியா?"

"சைன் பண்ணியிருக்கேன் அலெக்ஸ். வெளிய தெரிஞ்சா என் வேலை மட்டும் இல்ல, மொத்த டீமும்..."

"நான் வெளி ஆளா?"

அவள் கேக் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

அலெக்ஸ் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் இருந்த வயரை எல்லாம் பிடுங்கினான். பெட்டியை மஞ்சுவின் கையில் திணித்தான். "பேடா குரு, சும்னே தமாஷுக்குச் சொன்னேன்" என்று வேண்டாம் சொல்லி மஞ்சு கெஞ்சியிருக்கிறான். கேட்கவில்லை. "பந்தயம்னா பந்தயம்."

மைசூர்பாக்கும் கேக்கும் அன்று பிரிக்கப்படவே இல்லை.

அதற்குப் பிறகு மஞ்சுவின் போனை இவன் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவனும் விட்டுவிட்டான். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள்... பால், கேஸ், தண்ணி டேங்கர். கேம் என்ற சொல் மட்டும் கிடையாது. கேம் ரிலீஸ் ஆன அன்று அவளுடைய ஆபீஸில் விருந்து. குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். ரெஜினா தனியாகப் போய், சீக்கிரமே திரும்பி வந்தாளாம்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அந்த ஆர்டர் முடிந்ததும் வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது. டீமைக் கலைத்தார்கள். ரெஜினா பல மாதம் அலைந்தாள். எந்த கேம் கம்பெனியிலும் ஆள் எடுக்கவில்லை, இருந்தவர்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பழையபடி பேங்க் சாஃப்ட்வேர். பொம்மனஹள்ளி தாண்டி ஆபீஸ், தினமும் ஹோசூர் ரோடு டிராஃபிக்.

"எப்படிம்மா இருக்கு புது வேலை?" என்று கேட்டேன்.

"வேலைதானேக்கா" என்றாள்.

இரண்டு வருடம் அசையாதவன் இப்போது மட்டும் ஏன் மஞ்சு வீட்டுக்குக் கிளம்பினான்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் அதைத்தான் கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போன வாரம் ரெஜி ஸ்டவ் தொடச்சிட்டு இருந்தாக்கா. துணியைப் பாத்தா, பனிமலை படம் போட்டிருக்கு. ரிலீஸ் அன்னிக்கு டீமுக்குக் குடுத்த டீ-ஷர்ட். ஒரு நாள் கூட அவ போட்டு நான் பாக்கல. 'என்னடி இதப் போயி'ன்னு கேட்டேன். 'நல்லா உறிஞ்சுது'ன்னா. அவ்வளவுதான்... கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல."

சிக்னலில் ஆட்டோ நின்றதும் என் பக்கம் திரும்பினான்.

"கேம் முடிஞ்சதும் வேலை செஞ்சவங்க பேரெல்லாம் ஓடும். அதுல அவ பேரு இருக்கும். என் பெட்டியில வர்ற கேம்ல இருக்காது. பச்சைப் பெட்டியில ஓடறதுக்குத்தானே அவங்க வேலை செஞ்சாங்க. அதுல மட்டும்தான்."

"யூடியூப்ல கெடைக்காதாடா?"

"கெடைக்கும்க்கா. அது வேற."

அது வேறுதான். எனக்கே புரிந்தது. ரெஜினாவைக் கூப்பிட்டானாம். "நான் அதை எத்தனையோ வாட்டி முடிச்சிட்டேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாளாம்.

தொம்மலூர் பழைய ஊருக்குள், கோயில் தாண்டி மஞ்சுவின் வீடு. கதவைத் திறந்தவன் எங்களைப் பார்த்ததும் கைப்பிடியை விடாமல் நின்றான். பிறகு, "பன்னி அக்கா, பன்னி..." என்று கன்னடத்தில் 'வாங்க' சொல்லி என்னைத்தான் வரவேற்றான். தம்பியை நேராகப் பார்க்கக் கூச்சம். அலெக்ஸ் சுற்றி வளைக்கவில்லை.

"மஞ்சு, அந்த கேம் வச்சிருக்கியா? ரெஜி பேரைப் பாக்கணும்."

"இருக்கு குரு. ஆனா நான் முடிக்கல."

"வாங்கி இத்தனை நாள் ஆச்சு?"

"கடைசி சாப்டர் வாசல்ல நிக்குது. நீ இல்லாம முடிக்க மனசு வரல" என்றான் மஞ்சு, டிவி ரிமோட்டைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு.

கன்ட்ரோலர் மாறி மாறிக் கை மாறியது. இரண்டு மணி நேரம் இருக்கும். நான் மஞ்சுவின் மனைவியோடு காபி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பனியில் நடந்தாள், விழுந்தாள், எழுந்தாள், தங்கையைக் கண்டுபிடித்தாள். அலெக்ஸ் ஒரு இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "எங்க வீட்ல ஆடுனதை விட இதுல பனி நல்லா இருக்குடா" என்றான். நீலக் கட்சிக்காரன் வாயிலிருந்து!

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. சின்னச் சின்ன எழுத்து. எத்தனை நூறு பேர், எத்தனை நாடு! இருவரும் டிவியை முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பெங்களூர் டீமின் பெயர்கள் வந்தன.

"நில்லு, நில்லு!" மஞ்சு பட்டனை அழுத்தினான்.

ரெஜினா அலெக்ஸ்.

நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால், ரெஜினா பெயரை மாற்றிக்கொள்ளாதவள். பாஸ்போர்ட், பேங்க், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அவள் அப்பா பெயரோடு ரெஜினா ஆரோக்கியம்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அதைக் கறாராகச் சொல்லிவிட்டாள். அவனும் சரி என்றான்.

"என் பேரும் இருக்குக்கா" என்றான் அலெக்ஸ். மஞ்சு அவன் முதுகில் கையை வைத்தான்.

கிளம்பும்போது மஞ்சு பரண்மேல் ஏறி, போர்வையில் சுற்றிய நீலப் பெட்டியை இறக்கினான். ஒரு நாள் கூட ஆன் செய்யவில்லையாம். இந்தத் தடவை அலெக்ஸ் மறுக்கவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

ரெஜினா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போனை நீட்டினான். டிவியில் நின்ற அந்த வரியைப் படம் எடுத்திருந்தான். அவள் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பேரு எப்படிப் போடணும்னு கேட்டு மெயில் வந்துச்சுக்கா" என்று என்னிடம்தான் சொன்னாள். "அந்த கேமை நான் முதமுதல்ல இவன்கூடத்தானே ஆடினேன். வாயால சொல்லத்தான் முடியாது, பேரையாவது போடலாம்னு போட்டேன். ரிலீஸ் ஆன உடனே எப்படியும் பாத்துடுவான்னு நெனச்சேன்."

"ஸாரி ரெஜி."

"பரவால்ல, விடு." அவள் சிரிக்கத்தான் செய்தாள்.

அலெக்ஸ் வயரை எல்லாம் திரும்பச் சொருகினான். பழைய மாதிரி பாயை விரித்தான். அவளைப் பார்த்து, "வழி சொல்றியா?" என்றான்.

"இல்ல அலெக்ஸ். காலைல சீக்கிரம் மீட்டிங். பேங்க்ல புது ரிலீஸ்" என்று சொல்லிவிட்டு, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அந்த ஆசைதான் இல்லை.

கேம்கள் எல்லாப் பெட்டிக்கும் வருவது நல்லதுதான். ஒருவனிடம் இருப்பது எல்லோரிடமும் இருக்கட்டுமே! கம்பெனிகள் அதை லாபத்துக்காவது புரிந்துகொண்டுவிட்டன. "எங்ககிட்ட மட்டும்" என்ற அந்த வீம்பை நாம்தான் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டோம்.

ஒன்று சொல்கிறேன். பாராட்டை ரிலீஸ் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்... தள்ளிப்போட்டால், வாங்கிக்கொள்ள வேண்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.