கடலைத் தோல் டிரம்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்காவைத் தெருவில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவாள். சாயப்பட்டறையில் நூல் அலசுகிற வேலை. பத்தொன்பது வருடத்தில் நகங்கள் நீலமாகவே நின்றுவிட்டன. அதே பட்டறையில் என் கணவர் நூலைக் காயப்போடுகிறார், நான் நூல் கட்டுகளைப் பிரிக்கிறேன்.

பட்டறைக் கழிவு எங்கள் வாசல் ஓடையில்தான் போகும். அதை நிறுத்தச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து முதலாளிக்கு நோட்டீஸ் வந்தது. பக்கத்து எண்ணெய் ஆலையிலிருந்து பறந்து கழிவுக் குழியில் விழுந்த கடலைத் தோல் சாயத்தை உறிஞ்சிச் சிவந்து கிடந்ததை அண்ணி ஒருத்திதான் கவனித்திருந்தாள். ஆலையில் குப்பையாகக் கிடந்த தோலை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தாள். பழுப்பு இறங்குவது நிற்கும்வரை வேகவைத்து, காயவைத்து, இடித்து, அடியில் ஓட்டை போட்ட டிரம்மில் நிரப்பினாள். கழிவில் கொஞ்சம் வினிகர் கலந்து மேலே ஊற்றினால் கீழே தெளிந்து வந்தது.

பட்டறையில் சாயம் கலக்கும் மாஸ்டர் கேலி செய்யாமல் விடவில்லை. "தோல் போட்டாச்சு. அடுத்து வைக்கோலாம்மா?"

"அது உங்க தலைக்குள்ளயே இருக்கு மாஸ்டர். தேவைப்பட்டா கேக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் அதை மறக்கவில்லை.

முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றார். தண்ணி தெளிஞ்சு வரணும். இல்லன்னா டிரம்மும் வெளிய, நீயும் வெளிய."

பதினொரு நாள் தெளிந்தே வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி பாட்டிலோடு குனிந்தபோது, மாஸ்டர் சாயத் தொட்டிக்குப் போகும் சலவைச் சோடாத் தண்ணீர்க் குழாயை டிரம் பக்கம் திருப்புவதை நான் பார்த்தேன். வினிகர்ப் புளிப்பில் பிடித்த சாயத்தைத் தோல் சோடாவில் கக்கிவிடும் என்று அண்ணி எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். நான் குனிந்து கையிலிருந்த கட்டைப் பிரித்தேன். ஓடை கருஞ்சிவப்பாக ஓடியது.

"பாத்தீங்களா சார், இந்தம்மாவோட வித்தைய" என்றார் மாஸ்டர்.

அண்ணி டிரம்மைப் பார்த்தாள், பிறகு அதிகாரியை. "இது இன்னிக்குச் சாயம் இல்ல சார். பதினொரு நாள் சாயம். டிரம் இல்லன்னா தினமும் இந்த ஓடையிலதான் போயிருக்கும். முன்னாடியெல்லாம் அப்படித்தான் போச்சு."

"எத்தனை வருஷமா?"

முதலாளி இருமினார்.

"எனக்குத் தெரிஞ்சு பத்தொம்பது" என்றாள் அண்ணி.

மாலையில் பட்டறைக் கதவுக்குச் சீல் வைத்தார்கள். நாற்பது பேருக்கு வேலை போனது. மாஸ்டர் என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணி சொன்னதைத்தான் தெருவே மென்றுகொண்டிருந்தது.

வீட்டில் என் கணவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "வாய மூடிட்டு இருந்திருந்தா உன் ஒருத்தி வேலதானேக்கா போயிருக்கும்?"

"ஆமா" என்றாள் அண்ணி. "நான் போனதும் ஓடை பழையபடியே ஓடியிருக்கும். அதான் மூடல."

சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். அவளிடம் அப்புறம் யாரும் பேசவில்லை, குழாயைத் திருப்பியதைப் பார்த்த நானும்தான்.