விளிம்பைப் பார்க்கிறவர்

வங்கியிலிருந்து வாங்கி வந்த காகிதச் சுருளின் முனையை மேசை ஓரத்தில் ஒரு தட்டு தட்டி, உள்ளே இருக்கும் அரை டாலர் காசுகளை வரிசை கலையாமல் இடது உள்ளங்கையில் சரித்துக்கொள்கிறார் டுவெய்ன் கிவெலா. காசின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. யார் தலை, எந்த ஆண்டு என்பதெல்லாம் பிறகு; முதலில் விளிம்பு. உள்ளே செம்பு வைத்து அடித்த காசுக்கு விளிம்பில் பழுப்புக் கோடு ஓடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் ஆண்டு வரை அடித்த வெள்ளிக் காசுக்கு அந்தக் கோடு கிடையாது. பழுப்பு பழுப்பாகப் போய்க்கொண்டிருக்கும் அடுக்கில் திடீரென்று ஒரு வெள்ளை வரி தெரிந்தால் அவருக்கு மூச்சு நின்று வரும். அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் அவர் சமையலறையில் தினமும் காபி குடிக்கிறவன் நான். பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால், மறுபடி ஏற்றப் போகும்வரை காசுதான். சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், தை மாதம் வாக்கில் பனி ஜன்னலின் பாதி உயரத்துக்கு ஏறிவிடும். மீதிப் பாதி வழியாக வரும் வெளிச்சம் பால் கலந்த மாதிரி மேசைமேல் பரவியிருக்கும். காசுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்தில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அவருக்குக் கனவு வரும், விழித்துக்கொண்டே.

“இதக் குடுத்து ஒருத்தன் பால் வாங்கியிருப்பான்யா. சுரங்கத்துலேந்து மேல வந்து, கை கூடக் கழுவாம.”

“அவன் பேரு என்ன?” என்று சீண்டுவேன்.

“ஆர்வோ,” என்பார் கூசாமல். “கல்யாணத்துக்குப் பணம் சேத்துக்கிட்டிருந்தான். பாவம், அந்தப் பொண்ணு காத்திருக்கல.”

அவர் மனைவி மார்லா தேவாலய விற்பனைக்கு இறைச்சியும் கிழங்கும் மாவில் பொதிந்த பாஸ்டி சுடுகிறவர். மாவு தேய்க்க அவருக்கும் அதே மேசைதான் வேண்டும். “ஆர்வோவையும் அவன் காதலியையும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு. கெழங்கு நறுக்கணும்,” என்பார். டுவெய்ன் காசுத் தட்டுகளை ஒரு சாண் நகர்த்துவார். மாவு தேய்த்து முடிவதற்குள் அவை பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

வங்கிச் சுருள்களில் வெள்ளி தேடும் இந்த வேட்டைக்காரர்களுக்கு என்று ஓர் ஒழுங்கு உண்டு. காசை வாங்கிய வங்கியிலேயே திருப்பிப் போடக் கூடாது, அது அநாகரிகம். டுவெய்ன் உள்ளூர் வங்கியில் சுருள்கள் அடுக்கிய பெட்டி வாங்குவார், பார்த்து முடித்ததை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஊரின் வங்கியில் போடுவார். போடுவதற்கு முன் ஒவ்வொரு காசிலும் ஓரமாக மைப்பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைப்பார். பார்த்தாயிற்று, வெள்ளி இல்லை என்று அர்த்தம். ஆனால் எல்லா வங்கிக் காசும் கடைசியில் ஒரே கிடங்குக்குப் போய் அங்கிருந்துதான் திரும்பி வருகின்றன. அதனால் இப்போதெல்லாம் பெட்டியைப் பிரித்தால் பாதிக்குமேல் அவருடைய நீலப் புள்ளிகளே அவரைப் பார்த்துச் சிரிக்கின்றன. தான் துப்பியதைத் தானே தின்கிற பிழைப்பு என்று நான் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

நீலத்துக்கு நடுவே ஒருநாள் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு அடிக்கடி வந்தது.

“வேற யாரோ இருக்காங்கய்யா,” என்றார், ரகசியம் சொல்கிற குரலில். அன்றிலிருந்து சிவப்புப் புள்ளிக்கும் ஒரு வாழ்க்கை தயாரானது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் தனியாக இருக்கிறவள், வயலின் வாசிக்கிறவள், கண்ணாடி போட்டிருக்கிறவள்.

“பொம்பளன்னு முடிவே பண்ணிட்டியா?” என்றார் மார்லா.

“புள்ளி அவ்ளோ நேர்த்தியா இருக்கே.”

“அப்ப கண்டிப்பா ஒரு பல் டாக்டரு. வழுக்கத்தல.”

போன இலையுதிர் காலத்தில் வங்கிப் பெண் ஷெல்பி அவரைத் தனியே கூப்பிட்டாள். பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். “டுவெய்ன், சொன்னா மனசு கஷ்டப்படாதீங்க. கடையில இப்ப எல்லாரும் போனக் காட்டிட்டுப் போயிடறாங்க. அரசாங்கமே ஒரு சென்ட் அடிக்கிறத நிறுத்திருச்சு. இந்த வட்டாரத்துல அரை டாலர் பெட்டி கேக்குறது நீங்களும், வேற ஊர்ல இன்னொருத்தரும்தானாம். அவரும் விட்டுட்டா, ஒரு ஆளுக்காகக் கெடங்குல பெட்டி கட்ட மாட்டாங்க.”

வெளியே வந்து காரில் உட்கார்ந்தும் டுவெய்ன் சாவியைத் திருப்பவில்லை. “அந்தச் செவப்பு விட்டுட்டா நானும் முடிஞ்சேன்,” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் சிவப்புப் புள்ளிகள் அருகிக்கொண்டே வந்தன. இருந்தவையும் பழையவை, தேய்ந்து வெளுத்தவை. டுவெய்னுக்கும் மாதக்கணக்கில் வெள்ளி அகப்படவில்லை. தனக்கு வராதது அவளுக்கும் வந்திருக்காது, வெறுத்துப்போய்விட்டாள் என்று அவராகவே முடிவு கட்டினார். காபி ஆறியது. ஆர்வோவின் கதையும் நின்றுபோயிற்று. அந்த மேசைக்கு எதிரே உட்கார எனக்கே வருத்தமாக இருந்தது.

ஒரு காலையில் போனபோது, வாழ்நாளெல்லாம் சேர்த்த வெள்ளிக் காசுகள் இருக்கும் டப்பா மேசைமேல் திறந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துச் செம்புக் காசுகளின் நடுவே சொருகிச் சுருளைக் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளியில் மட்டும் நீலப் புள்ளி வைக்கவில்லை. வைத்தால் வேண்டுமென்றே போட்டது என்று அந்தச் சிவப்புக்குத் தெரிந்துவிடுமாம்.

“ஏங்க, நீங்களாவது கேளுங்க,” என்றார் மார்லா என்னிடம். “தூண்டில் போடப் போற ஆளு, இருக்குற மீனையெல்லாம் ஏரியில விட்டுட்டு வர்றாரு.”

“வசந்த காலத்துல அரசாங்கம் ஏரில மீன் குஞ்சு விடல? அத மட்டும் கை தட்டிப் பாக்குற.”

“அது அரசாங்கம். நீ பஸ் ஓட்டுற.”

டுவெய்ன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முறை மலை தாண்டும்போதும் வெள்ளி போனது. டப்பா இறங்கிக்கொண்டே வந்தது. ஒருமுறை மார்லாவே டப்பாவைத் துடைத்து மேசையில் எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டத் தொடங்கிய சமயம் புதுப் பெட்டி வந்தது. முதல் சில சுருள்களில் நீலம்தான். அடுத்ததில், பளிச்சென்று ஈரம் காயாத மாதிரி, சிவப்பு. டுவெய்ன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த சுருளில் பழுப்பு வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வரி.

இரண்டு விரலால் உருவி எடுத்தார். நல்ல வெள்ளி, அவர் போட்டவற்றில் இல்லாத காசு. ஓரத்தில் அழுத்தமாக, நேர்த்தியாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. வெள்ளியைக் கண்ணால் பார்த்துவிட்டு, இல்லை என்று புள்ளி வைக்கிற வேட்டைக்காரர் உலகத்தில் கிடையாது. யாரோ தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார்கள். டுவெய்ன் அந்தக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னப்பா, ஏதாவது கெடச்சுதா?” அடுப்படியிலிருந்து மார்லா கேட்டார்.

“இல்ல. ஒண்ணுமில்ல,” என்றார் டுவெய்ன். மைப்பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, சிவப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நீலப் புள்ளி வைத்து, மை காயும்வரை ஊதிவிட்டு, மலைக்கு அந்தப்பக்கம் போகவேண்டிய தட்டில் போட்டார்.