வரிசையின் இடக்கோடி

ஆளுயர வயலின் மாதிரி நிற்கவைத்து வாசிக்கும் டபுள் பேஸை வாசிக்கிறவர்கள் எல்லோரும் வலக்கையில் வில் பிடிக்கிறார்கள். இவள் இடக்கையில் பிடிப்பாள். அதனால் ‘நொட்டாங்கை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் விரல் கணுவில் அடித்து அடித்து அவள் எழுத்தை வலக்கைக்கு மாற்றினார்கள். வில்லைப் பிடிக்கும் வயதில் அவளுக்கு வாய் முளைத்திருந்தது. மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள்.

வாத்தியம் செய்யும் அண்ணனுடைய பட்டறையில் இருவருமாகச் சேர்ந்து அவளுக்கென்று ஒரு பேஸ் செய்தார்கள். இடக்கைக்காரருக்குக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றினால் போதாது, வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளும் மாற்ற வேண்டும். மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கம், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து ஒரு சிறு குச்சி நிற்கும். அது தப்பினால் வாத்தியத்துக்குக் குரலே இல்லை. முதல் தடவை கம்பி பூட்டியபோது அது சளி பிடித்த எருமை மாதிரி முனகியது. அண்ணன் மரத்தைத் திட்டினான், பசையைத் திட்டினான், மழையைக்கூட விடவில்லை. அவள் மேல்பலகை ஓட்டை வழியாகச் சிறு கண்ணாடியை விட்டு விளக்கடித்துப் பார்த்தாள்.

“அண்ணே, குச்சி சோத்தாங்கைக்காரங்களுக்கு நிக்கிற பக்கத்துல நிக்குது.”

“இத்தனை வருஷப் பழக்கம்டி. கை தானா போயிடுச்சு.”

“பழக்கத்துக்கு மூளை கிடையாதுண்ணே. உனக்காவது இருக்கணும்.”

குச்சியை மாற்றி நிறுத்தியதும் பட்டறைச் சன்னல் அதிர்ந்தது.

அந்த வாத்தியத்தோடுதான் நகர இசைக்குழுவின் தேர்வுக்குப் போனாள். பேஸ் வரிசையில் ஒரே ஓர் இடம் காலி. அவள் கேட்டதெல்லாம் அந்த ஓர் இடம்தான். வாசிப்பவர் ஆணா பெண்ணா, அழகா அழகில்லையா என்பதெல்லாம் தீர்ப்பைக் கெடுக்கக் கூடாதென்று நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே திரை கட்டியிருந்தார்கள். நல்ல ஏற்பாடு. நடுவர்கள் அத்தனை பேரும் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு திரையை விலக்கினார்கள்.

“அடடா, இடது கையா?” என்றார் குழுத் தலைவர். “வரிசையில எல்லா வில்லும் ஒரே பக்கம் போகணும்மா. உங்க வில்லு பக்கத்துல நிக்கிறவர் முழங்கையில இடிக்கும்.”

“என்னை இடக்கோடியில நிறுத்துங்க சார். என் வில்லு வெளிப்பக்கமா போகும். அங்க காத்துதான் இருக்கு, அதுக்கு முழங்கை கிடையாது.”

“பார்க்கிறவங்களுக்கு உறுத்துமே.”

“கேக்கிறவங்களுக்கு?”

தலைவர் புன்னகைத்தார். “ஒரு வருஷம் வலது கையில பழகிட்டு வாங்க. பார்ப்போம்.”

காதை நம்பித் திரை கட்டியவர்கள், காது சொன்ன தீர்ப்பைக் கண்ணைக் கொண்டு கலைத்தார்கள். இதற்கு விதி என்று பேர் வேறு.

“ஒரு வருஷம்தானே, பழகித்தான் பாரேன்” என்றான் அண்ணன்.

“நீ மொதல்ல இடது கையில இழைப்புளி பிடிச்சு ஒரு பலகை இழைச்சுக் காட்டு.”

அவன் இழைப்புளியை வலக்கையிலேயே எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனான்.

இடம் இரண்டாவதாக வந்தவனுக்குப் போயிற்று. நெட்டையாக இருப்பதால் அவனை எல்லோரும் ‘ஒட்டகம்’ என்பார்கள். அவளுக்குப் பழைய சிநேகிதன். அடுத்த வாரமே பேஸைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அது உன் இடம்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கும் பிள்ளைக்குட்டி இருக்கே.”

“கம்பி மாத்தணுமா?” என்றாள்.

“இல்ல… முதல் கச்சேரியில ஒரு இடம் வருது. சுரம் கீழேருந்து தாவி ஏறி, சரசரன்னு இறங்கும். அதுல என் வில்லு தடுக்குது. நீ தேர்வுல அதைத் தண்ணி பட்ட பாடா வாசிச்சியாமே. கொஞ்சம் காட்டேன்.”

கேட்க இவனுக்கு எப்படி வாய் வந்தது என்று நினைத்தாள். ஆனாலும் தன் பேஸை எடுத்துவந்து எதிரே நின்றாள். அவள் இடக்கை போன பக்கமே அவன் வலக்கையும் போயிற்று. கண்ணாடிக்கு முன்னால் நின்றவன் மாதிரி அப்படியே பிடித்துக்கொண்டான். ஏற்றம் சுத்தமாக விழுந்தது.

“அட! எந்த வாத்தியாரும் எனக்கு இப்படிப் புரியவச்சதில்ல!”

“அப்ப ஒண்ணு செய். வருஷக் கடைசியில உங்க வரிசையில ஒரு பெரியவர் ஓய்வு பெறுறாரு, இடம் காலியாகும். அதுக்குள்ள நீங்க பேஸ்காரங்க எல்லாரும் ஒண்ணாப் போய், இந்த விதியை எடுங்கன்னு தலைவர்கிட்டச் சொல்லுங்க. உங்க முழங்கைக்கு வலிக்கலன்னு நீங்கதானே சொல்லணும்?”

ஒட்டகம் வில்லின் நுனியைத் தடவினான். “புதுசாச் சேர்ந்தவன் வாயைத் திறந்தா நல்லாவா இருக்கும்? நேரம் வரும்போது பேசலாம்.”

“எந்த நேரம்?”

அவன் வில்லை மறுபடி கம்பிமேல் வைத்தான். “அந்த இறக்கத்தையும் காட்டிடேன்” என்றான்.

அவள் வில்லின் திருகைத் தளர்த்தி மேசைமேல் வைத்தாள்.

“இறக்கத்தை உங்க தலைவர்கிட்டயே கேட்டுக்கோ. வில்லு எந்தப் பக்கம் போகணும்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியுமே.”

“ஏய், கோவிச்சுக்காதே.”

“கோவிச்சுக்காம? கொஞ்சவா சொல்றே? கிளம்பு.”

அவன் பேஸைச் சாய்த்து, வாசல் நிலையில் இடிக்காமல் வெளியே கொண்டுபோகப் பாடாய்ப் பட்டான். அவள் உதவிக்குப் போகவில்லை. கதவு சாத்திய பிறகு வில்லை மறுபடி முறுக்கி, அந்த இறக்கத்தைத் தானே வாசித்தாள். ஆத்திரத்தில் வேகம் கூடி, பாதியில் தாளம் தப்பிவிட்டது. வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, முதலிலிருந்து எடுத்தாள்.