சூளைச் சுவரோரம் வைத்த தேன்பெட்டி

தனக்கோடிக்குச் சொன்னால் ஏறாது, பட்டால்தான் ஏறும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவேன், அவள் அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூசி பறக்கும். சாயங்காலம் பார்த்தால் அவளுக்குப் புருவம்கூட நரைத்திருக்கும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. "தூசிய நீ வுடலன்னா, அது உன்ன வுடாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். அவளோ புருஷனைப் பறிகொடுத்தவள், இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. தூசியை விட்டால் சோறு ஏது? அந்தச் சமயத்தில்தான் முந்திரித் தோப்போரம் குடியிருந்த பெண்களுக்கு, தேனீ வளர்க்கச் சொல்லி சர்க்காரில் தேன்பெட்டி கொடுத்தார்கள். முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தாள். சூப்பர்வைசர் தர்மராஜ் நல்ல மனுஷர். "முந்திரிப் பூ முடியிற வரைக்கும் லீவு எடுத்துக்கோ. ஈ நெலைச்சா ஒன் பாடு. இல்லன்னா இந்த எடம் ஒனக்குத்தான்" என்றார்.

பூ பொங்கிய நேரம். பெட்டி வாசலில் ஆண் ஈக்கள் சில, இறகு சுருங்கித் தரையில் ஊர்ந்தன. ஒன்றிரண்டின் முதுகில் கேழ்வரகு போல ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. பதறிப்போய்த் தேனீ இன்ஸ்பெக்டர் விருத்தகிரியைக் கூட்டி வந்தாள்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "உண்ணிம்மா. ஆம்பள ஈ வளர்ற அறையிலதான் குட்டி போடும். நம்ம நாட்டு ஈ ஒண்ணுக்கொண்ணு முதுகத் தொடைச்சு உண்ணியக் கடிச்சுப் போட்டுடும். அதோ, தண்ணித் தொட்டிக்கு அடியில மலைத்தேனீ கட்டியிருக்குது பாருங்க. அதுக்கு வேற உண்ணி. பூ முடிஞ்சதும் தேனடைய வுட்டுட்டுப் பறந்துடும். அடையில புழு இல்லாம உண்ணி பட்டினி கெடந்து சாவும். வடக்க வளக்குறாங்களே, அந்தச் சீமை ஈதான் பாவம். அதுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. நீங்க கை வெக்காம இருங்க, அது போதும்."

கை வைக்காமல் இருப்பதா? தனக்கோடியா?

சூளையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, சூடு காட்டினால் எதுவும் சரியாகிவிடும் என்று. சளி பிடித்தால் சூளைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், பெட்டி வாசலைத் துணியால் அடைத்து, தலையில் தூக்கிக்கொண்டு பேட்டைக்கு வந்துவிட்டாள். "வேணாம்டி" என்றேன். "உண்ணி மட்டும் செத்துடும் அக்கா" என்று, அணைந்து ஆறிக்கொண்டிருந்த சூளைச் சுவரோரம் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்கு அடியில் தேன் வழிந்தது. அவள் அலறியடித்து மூடியைத் திறந்தாள். அடைகள் இளகிச் சரிந்து கிடந்தன. ஈக்கள் குப்பென்று கிளம்பி வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் கொத்தாகத் தொங்கின. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகில் ரெண்டு வைத்திருப்பேன். ஆனால் அழுகையோடு வந்த இருமலைக் கேட்டதும் கை எழவில்லை.

"அழுதா ஈ வருமா? பறக்கறதுக்குள்ள புடி" என்று அதட்டினேன்.

பெட்டியைக் கழுவி, சூடில்லாத இடத்தில் வைத்தோம். சரியாத அடைத் துண்டு ஒன்றை வாழைநாரால் சட்டத்தில் கட்டி உள்ளே வைத்தாள். கிளைக்கு அடியில் நான் பொம்மைக் கூடையைப் பிடிக்க, அவள் ஒரே உலுக்கு உலுக்கினாள். எனக்கு நாலு கொட்டு, அவளுக்கு எத்தனையோ. கூடையைப் பெட்டிக்குள் கவிழ்த்தோம். ராணி ஈ இருந்தால்தான் மற்றவை தங்கும், அது உள்ளே விழுந்ததா என்று இருவருக்கும் தெரியாது. இருட்டும்போது கடைசி ஈயும் உள்ளே நடந்து போனது. அதைப் பார்த்ததும் நானும் அழுதுவிட்டேன்.

அன்று ராத்திரியே பெட்டியைத் தோப்புக்குக் கொண்டுபோய் வைத்தவள், அதன்பிறகு அதைத் தொடவே இல்லை. விருத்தகிரி வந்து திறந்தபோது பால்வெள்ளையில் புது அடை இறங்கியிருந்தது. ஒரு ஈ உடம்பை உதறியது. பக்கத்து ஈ ஓடி வந்து அதன் முதுகைத் துழாவிக் கடித்தது. அடிப்பலகையில் கால் இழந்த உண்ணி ஒன்று கிடந்தது. "இதையா நான் சூடு காட்டிச் செய்யப் பாத்தேன்?" என்றாள் தனக்கோடி.

முந்திரிப் பூ முடிந்ததும் பேட்டைக்கு வந்தாள். அவள் உட்கார்ந்து தேய்க்கும் பலகையைத் தர்மராஜ் காலியாகவே வைத்திருந்தார்.

"எப்ப வர்ற தனக்கோடி?"

"வரல அண்ணே. வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றவள், வாசல்வரை போய்த் திரும்பினாள். "யாரு ஒக்காந்தாலும் மூக்குல துணி கட்டிக்கச் சொல்லுங்க."