மனைவியின் கட்டுரையில் வந்த நெஞ்சுவலி

எனக்கு மாரடைப்பு வரப்போவதை மனைவி மறைக்கிறாள் என்று அரை நாள் முழுசாக நம்பினேன்.

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் அவளுடைய கட்டுரைகளில் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. அன்றைய கட்டுரையில் ஒரு நோயாளி: வயது ஐம்பத்திரண்டு, ஸ்டேஷனரி கடை, இரண்டு மகள்கள், டாக்டரிடமே ஜோக் அடிப்பவர். அத்தனையும் நான். நெஞ்சுவலி மட்டும் எனக்கு இல்லை; இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அதுவும் வந்துவிட்டது. கடையைப் பூட்டி, கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடி இ.சி.ஜி. எடுத்தேன். நார்மல்.

"பேஷண்ட் யாருன்னு தெரியக் கூடாது, வயசு தொழிலெல்லாம் மாத்தி எழுதுன்னாங்க எங்க காலேஜ் மேடம். எழுத உக்காந்தா உங்க மூஞ்சிதாங்க வருது" என்று, விஷயத்தைக் கேட்ட மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் கடைசி வரி வரை படித்த பிறகே பேனாவைத் தொடுகிறேன். அந்த நோயாளி குணமாகி, நடந்தே வீட்டுக்குப் போயிருந்தார். அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது.